கார் இல்லாமல் காலம் தள்ள முடியுமா? கணக்கு டீச்சரின் விடை

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை நேரத்தில் படிக்க வேண்டாம். ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பிள்ளை கேட்டிருந்தான்: "டீச்சர், உங்களை டவுன் பஸ்ஸில் காய்கறிப் பையோட பார்த்தேன். தம்பி பெங்களூர்ல நல்லா சம்பாதிக்கிறார், நீங்களும் சாரும் பென்ஷன் வாங்குறீங்க. இன்னும் ஒரு கார் வாங்கலையா? இந்தக் காலத்துல கார் இல்லாம எப்படி டீச்சர் சமாளிக்கிறீங்க?" கேட்டதில் பாசம்தான் இருந்தது. என் மகனும் இதையேதான் வாராவாரம் போனில் கேட்கிறான். "அம்மா, உங்களுக்கு 67 ஆச்சு, அப்பாவுக்கு 72. சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, புக் பண்ணிடுறேன்." அண்ணன் தம்பி வீடுகளில் கல்யாணம் காட்சி என்று போனாலும் இதே கேள்விதான்.

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். முடியும். எங்களால் முடிகிறது. ஆனால் அதற்குக் காரணம் எங்கள் சிக்கனமோ மன உறுதியோ இல்லை, எங்கள் வீடு இருக்கும் இடம். கார் வேண்டுமா வேண்டாமா என்பது கார் ஷோரூமில் முடிவாவதில்லை. நீங்கள் மனை வாங்கப் பத்திரம் பதிகிறீர்களே, அன்றைக்கே முடிவாகிவிடுகிறது.

விடை மட்டும் எழுதினால் என் வகுப்பில் மார்க் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். ஸ்டெப் வேண்டும். எழுதுகிறேன்.

முதல் ஸ்டெப்: கேள்வியையே கொஞ்சம் திருப்பிப் பார்ப்போம். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் நூற்றுக்குச் சுமார் எட்டு வீடுகளில்தான் கார் இருக்கிறது. மீதி தொண்ணூற்றுச் சொச்சம் வீடுகளிலும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், பிரசவம் நடக்கிறது, திருவிழாவுக்குப் போய் வருகிறார்கள். நம் வீட்டில் வேலை செய்ய வரும் அம்மாவும், சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணும், நம் பள்ளிக்கூடத்துச் சத்துணவு ஆயாவும் கார் இல்லாமல்தான் சமாளிக்கிறார்கள். அவர்களிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. கொஞ்சம் வசதி வந்தவர்களிடம்தான் கேட்கிறோம். ஆகவே இதில் பாதி கௌரவக் கேள்வி. மண்டபத்து வாசலில் காரில் வந்து இறங்குபவரை நாலு பேர் ஓடிவந்து அழைத்துப் போவதும், பஸ்ஸில் வந்தவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தானே நாற்காலி தேடுவதும் நம் குடும்பங்களில் பார்க்காத காட்சியா என்ன?

கௌரவத்தை ஒதுக்கிவிட்டு வசதியை மட்டும் பார்ப்போம்.

இரண்டாம் ஸ்டெப்: எங்கள் வீட்டு நடைமுறை. நாங்கள் இருப்பது புதுக்கோட்டை டவுனுக்குள். தொண்டைமான் மன்னர் காலத்தில் நேர்நேராகப் போட்ட ராஜ வீதிகள் உள்ள ஊர் இது. எந்தத் தெருவில் நுழைந்தாலும் இன்னொரு தெருவில் வெளியே வந்துவிடலாம். எங்கள் வீட்டிலிருந்து மளிகைக்கடை, மருந்துக்கடை, ரேஷன் கடை, பால் பூத் எல்லாமே நடக்கும் தூரம். பிரஷர் பார்க்கும் டாக்டர் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். உழவர் சந்தைக்கும் பேங்க்குக்கும் டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் எனக்கு அது இலவசம். சார் மட்டும் டிக்கெட் எடுப்பார். "உனக்கு ராஜ மரியாதை, எனக்குக் காசு" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுவார். வெயிலோ மழையோ கனத்த சாமானோ இருந்தால் ஆட்டோ. தெருமுனை ஸ்டாண்டில் இருக்கும் மூன்று தம்பிகளின் நம்பரும் என் போனில் இருக்கிறது. திருச்சிக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும், ஊருக்கு விசேஷத்துக்குப் போகும்போதும் வாடகைக் கார் வைத்துக்கொள்கிறோம். சென்னை, பெங்களூர் என்றால் ரயில்.

மூன்றாம் ஸ்டெப் கணக்கு. பேப்பர் பேனா எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்து ரோட்டுக்கு வரும்போது 8 லட்சம் ஆகும் ஒரு நடுத்தரக் கார் என்று வைப்போம். பத்து வருஷம் கழித்து 2 லட்சத்துக்கு விற்கிறீர்கள். தேய்ந்தது 6 லட்சம், அதாவது வருஷத்துக்கு 60,000. இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர், பேட்டரி, சின்னச் சின்ன கீறல் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 30,000 போடுங்கள். ஆக 90,000. இதை 365-ஆல் வகுத்தால் நாளுக்கு 247 ரூபாய் வருகிறது. கவனியுங்கள், இதில் இன்னும் ஒரு சொட்டு பெட்ரோல் போடவில்லை. வண்டி கவர் போட்டு வாசலில் சும்மா நிற்பதற்கு நாம் கொடுக்கும் தினக்கூலி இது. மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டினால் பெட்ரோலுக்கு வருஷம் சுமார் 40,000. மொத்தம் 1,30,000. மாதத்துக்குப் பத்தாயிரத்து எண்ணூறுக்கு மேல். கடனில் வாங்கினால் வட்டி தனி. எங்களைப் போல ஓட்டத் தெரியாதவர்கள் ஆக்டிங் டிரைவர் வைத்தால் அதுவும் தனி.

இப்போது எங்கள் செலவு. மாதம் ஏறக்குறைய 12 ஆட்டோ சவாரி, தலா 100 என்றால் 1,200. சாருடைய பஸ் டிக்கெட் 300. திருச்சிக்கு வாடகைக் கார் ஒரு நடை 2,500. கூட்டினால் 4,000. இதில் எந்தத் தியாகமும் இல்லை. வேண்டியபோது வண்டி வருகிறது, வேலை முடிந்ததும் போய்விடுகிறது. அதை நிறுத்த இடம் தேடும் வேலை நமக்கு இல்லை.

குடும்பம் சிறிது, வயதானவர்கள், ஆபீஸ் போவதில்லை, அதனால் இப்படி வருகிறது என்பீர்கள். சரிதான். தினமும் 40 கிலோமீட்டர் போய் வருபவருக்கும், நாலு பேராக அடிக்கடி வெளியூர் போகும் குடும்பத்துக்கும் கணக்கு மாறும். உங்கள் வீட்டு எண்களைப் போட்டு நீங்களே செய்து பாருங்கள். கார் வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கணக்குப் போடாமல் வாங்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

நான்காம் ஸ்டெப்தான் முக்கியம். இதற்காகத்தான் இந்தப் பதிவே.

என் அக்காவுக்கு 71 வயது. அக்கா மகன் நல்ல பிள்ளை. அம்மாவைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறான். வேறொரு ஊரில், பைபாஸை ஒட்டிப் புதிதாக மனை பிரித்த இடத்தில் பெரிய வீடு கட்டியிருக்கிறான். காற்றோட்டம், தோட்டம், மார்பிள் தரை, வாசலில் கார். போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அரண்மனை மாதிரி இருக்கும். ஆனால் அங்கிருந்து ஒரு கட்டு கீரை வாங்க வேண்டுமென்றால் ஒன்றரை கிலோமீட்டர் போக வேண்டும். பஸ் நிற்கும் இடம் நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம். அதைக் குறுக்கே கடக்க என் வயதுக்காரிக்குத் தைரியம் வராது, வரவும் கூடாது. காலை எட்டரைக்கு மகன் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனால் இரவு எட்டுக்குத்தான் வருவான். மருமகள் ஸ்கூட்டரில் போய்விடுவாள். அந்தப் பதினொன்றரை மணி நேரமும் அக்கா வீட்டுக்குள்ளேயே. கோயிலுக்குப் போக ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மகனுக்கு ஓய்வு வேண்டும் என்று அவளே "வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிடுகிறாள்.

நாற்பது வருஷம் சந்தைக்கும் கோயிலுக்கும் தானே நடந்து போய் வந்தவள். போன தடவை போனில் சொன்னாள்: "நீ எங்க வேணாலும் போற. எனக்கு யாராவது கூட்டிட்டுப் போனாத்தான் உண்டு." எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

கார் இருக்கும் வீட்டில் அக்கா அடைந்து கிடக்கிறாள். கார் இல்லாத நான் ஊர் சுற்றுகிறேன். இது யாருடைய குற்றமும் இல்லை, தூரம் செய்கிற வேலை. ஒரு காரால் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் போக முடியும். எல்லாமே தூரத்தில் இருக்கும் இடத்தில் குடியிருந்தால், வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை வண்டி வேண்டும். ஓட்டத் தெரியாத பிள்ளைகளும், ஓட்ட முடியாத பெரியவர்களும் அடுத்தவர் கையை எதிர்பார்த்தே இருக்க வேண்டும். டியூஷனுக்குக் கொண்டுவிட, கூட்டிவர என்று இளம் தாய்மார்கள் பாதி வாழ்க்கையைச் சாலையில் கழிப்பதும் இதனால்தான்.

மனை விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். "பேருந்து நிலையத்திலிருந்து 10 நிமிடம், மருத்துவமனை 5 நிமிடம், பள்ளி 3 நிமிடம்." எட்டாம் வகுப்பில் நடத்திய பாடம் நினைவிருக்கிறதா? தூரம் = வேகம் × நேரம். நேரத்தை மட்டும் சொல்லி வேகத்தைச் சொல்லாவிட்டால் கணக்கே முழுமையாகாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 10 நிமிடம் என்றால் 10 கிலோமீட்டர். அதே 10 கிலோமீட்டரை மணிக்கு 4 கிலோமீட்டர் நடக்கும் ஒருவர் கடக்க இரண்டரை மணி நேரம் ஆகும். விளம்பரத்தில் இருக்கும் நிமிடம் காருடைய நிமிடம். உங்கள் அம்மாவின் கால்நிமிடம் அது இல்லை.

ஐந்தாம் ஸ்டெப்: "ராத்திரி ஏதாவது ஆகிவிட்டால்?" என் மகனுடைய பயமும் இதுதான், நியாயமான பயம். ஆனால் யோசித்துப் பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்குச் சாருக்கு நெஞ்சு வலி என்றால் அவரா ஓட்டப் போகிறார்? பதற்றத்தில் இருக்கும் நானா? வாசலில் கார் நின்றாலும் ஓட்ட ஒரு ஆள் வேண்டும். 2008-லிருந்து நம் மாநிலத்தில் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. அதில் முதலுதவி தெரிந்தவர் இருக்கிறார், ஆக்சிஜன் இருக்கிறது. நம் காரில் அது கிடையாது. அதோடு, சுவரைத் தட்டினால் எழுந்து வரும் பக்கத்து வீடு இருக்கிறது. எங்கள் தெருவில் யார் வீட்டில் ஆபத்து என்றாலும் கார் வைத்திருப்பவர்கள் எடுக்கத்தான் செய்கிறார்கள். நெருங்கிய தெருவின் வசதி இதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் நாம்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2025 ஆகஸ்டிலிருந்து தாயுமானவர் திட்டத்தில் வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து தருகிறார்கள். தகுதி உள்ள பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

ஆறாம் ஸ்டெப்: கார் கட்டாயம் வேண்டியவர்கள் இருக்கிறார்கள். நடக்க முடியாத பிள்ளையை வளர்ப்பவர்கள், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறவர்கள், கடைசி பஸ் ஏழரைக்கே போய்விடும் கிராமத்தில் இருப்பவர்கள், ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பும் பெண்கள். இவர்களிடம் போய் "டீச்சர் கார் இல்லாமல் இருக்கிறார், உனக்கென்ன" என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். அவர்களுக்குக் கார் ஆடம்பரம் கிடையாது, ஊன்றுகோல். மற்றவர்கள் தேவையில்லாமல் எடுக்கும் கார் குறைந்தால் இவர்களுக்குத்தான் சாலை கிடைக்கும்.

ஏழாம் ஸ்டெப்பை என் தோழிகளுக்காக எழுதுகிறேன். 1991-92ல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுத்துச் சொல்லிக்கொடுத்ததோடு பெண்களுக்கு சைக்கிளும் சொல்லிக்கொடுத்தோம். கல் குவாரியில் வேலை செய்த பெண்கள், கூலிப் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள் என்று ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பாவாடை தாவணியும் சேலையும் கட்டிக்கொண்டு விழுந்து எழுந்து கற்றார்கள். தண்ணீர் எடுக்க, சந்தைக்குப் போக, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்று ஆனபோது அவர்கள் முகத்தில் வந்த நிமிர்வை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நானும் அப்போதுதான் கற்றேன். இன்று பதினொன்றாம் வகுப்பில் அரசு தரும் சைக்கிளில் பெண் பிள்ளைகள் வரிசையாகப் போவதைப் பார்க்கும்போதும் அதே நிமிர்வு தெரிகிறது. இலவசப் பஸ் பயணத்தைக் கேலி செய்பவர்கள் நம் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். அதனால் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. பணத்தைவிடப் பெரிய விஷயம், வீட்டில் யாரிடமும் "பஸ்ஸுக்குக் காசு கொடுங்க" என்று கேட்காமல் ஒரு பெண் வெளியே கிளம்ப முடிவது.

என் கவலை என்னவென்றால், இப்படிக் காலாலும் பஸ்ஸாலும் வாழும் வசதி நம் கண்ணெதிரே குறைந்துகொண்டு வருகிறது. பேருந்து நிலையங்கள் ஊருக்கு வெளியே போகின்றன. சென்னையில் கிளாம்பாக்கம் 2023 டிசம்பரில் திறந்தது, திருச்சியில் பஞ்சப்பூர் 2025-ல். நம் ஊரில் 2017-ல் வந்த அரசு மருத்துவக் கல்லூரி தஞ்சாவூர் சாலையில் முள்ளூரில் இருக்கிறது. நெரிசலும் இடப்பற்றாக்குறையும்தான் காரணம், புரிகிறது. அவ்வளவு பெரிய இடம் ஊருக்கு நடுவே கிடைக்காது. ஆனால் கட்டடம் வெளியே போகும்போது அதற்குப் போய் வரும் பஸ்ஸும், மழைக்கு ஒதுங்க நிழற்குடையும், ராத்திரி கடைசி நடையும் கூடவே போக வேண்டும். இல்லையென்றால் கார் இல்லாதவர் முதுகில் அந்தத் தூரத்தை ஏற்றிவைத்தது மாதிரி ஆகும். ஊருக்குள்ளே இருக்கும் நடைபாதையிலோ பைக் நிற்கிறது, கடைச் சாமான் இருக்கிறது, டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. நடப்பவர்தான் ரோட்டில் இறங்க வேண்டியிருக்கிறது. பஸ் படிக்கட்டின் உயரம் என் முழங்காலுக்கு ஒரு மலை. சென்னையில் 2024-லிருந்து தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன. நம் மாதிரி ஊர்களுக்கும் அது வர வேண்டும்.

ஆகவே உங்களிடம் மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, வீடோ மனையோ வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு. பத்திரம் போடுவதற்கு முன் ஒருநாள் அந்த இடத்துக்குக் காரை எடுக்காமல் போய்ப் பாருங்கள். அம்மாவையும் கூட்டிப்போங்கள். பால், காய், மாத்திரை, பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாப் இந்த ஐந்துக்கும் நடந்து போக எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். இரண்டு பெட்ரூம் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, ஊருக்குள் இருக்கும் வீடு உங்கள் பெற்றோருக்குப் பத்து வருஷச் சுதந்திரத்தைக் கூட்டித் தரும்.

இரண்டு, என் மாணவர்களில் இஞ்சினியர்களும், நகராட்சி, மாநகராட்சி அலுவலகங்களில் இருப்பவர்களும், கவுன்சிலர்களும் உண்டு. உங்கள் மேஜைக்கு ஒரு சாலை வரைபடம் வரும்போது அதில் ஒரு எழுபது வயதுப் பாட்டியைக் கையில் பையோடு நடக்க விட்டுப் பாருங்கள். எங்கே தடுக்கி விழுவாள் என்று தெரிந்தால் அந்த இடத்தைத் திருத்துங்கள்.

மூன்று, கார் வைத்திருப்பவர்களுக்கு. சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள், பத்திரமாக ஓட்டுங்கள். ஆனால் வீட்டில் ஓட்டத் தெரியாத பெரியவர் ஒருவர் இருந்தால், அவர் கடைசியாகத் தன்னிஷ்டத்துக்கு எப்போது வெளியே போனார் என்று ஒரு தடவை கேளுங்கள். ஒரு நல்ல ஆட்டோக்காரத் தம்பியை அறிமுகப்படுத்தி, கையில் கொஞ்சம் சில்லறையும் கொடுத்துவையுங்கள். அக்கா மகனிடம் இதைத்தான் சொன்னேன். இப்போது செவ்வாயும் வெள்ளியும் காலை பத்து மணிக்கு ஒரு ஆட்டோ வருகிறது. அக்கா கோயிலுக்குப் போய்விட்டு, அவளே பேரம் பேசிக் கீரை வாங்கி வருகிறாளாம்.

என் மகனுக்கும் இந்தப் பதிவுதான் பதில். காருக்கு எடுத்துவைத்த பணத்தை அப்படியே பேங்க்கில் போட்டு வை கண்ணு. அப்பாவுக்கோ எனக்கோ நடக்க முடியாத நாள் வரும், அன்றைக்குக் கேட்கிறேன். இப்போதைக்கு எங்கள் கால்கள் நன்றாக இருக்கின்றன.

உங்கள் வீட்டுக் கணக்கைக் கீழே எழுதுங்கள். என் கணக்கில் தப்பிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். நான்தான் உங்களுக்கு அதைப் பழக்கியது.

அன்புடனும் ஆசியுடனும்,
உங்கள் கணக்கு டீச்சர்